டீக்கடை சர்வே

காலேஜ் முடித்து வேலை தேடிய நாட்களில், சோப்பு சர்வே எடுக்கப் போனேன். வீட்டுக்கு ஒரு ரூபாய். மண்டையைப் பிளக்கிற வெயில். 40 வீடு ஏறி இறங்க வேண்டியதை டீக்கடை பெஞ்சிலேயே முடித்துவிட்டேன். மறுநாள் சூபர்வைசர் படிவங்களைப் புரட்டினார். ''ஏம்ப்பா, ஒரு வீடுகூடவா பூட்டியிருக்கலை?'' அத்தோடு வேலை போச்சு.

ஜப்பானில் யோஷிடாகா ஃபுஜி என்று ஒரு மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வயிற்றைப் புரட்டுமே, அந்த வாந்தியை கிரானிசெட்ரான் என்ற மருந்து எப்படி நிறுத்துகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார். 2000-ல் ஜெர்மன் டாக்டர்கள் சிலர் அவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். எந்த மருந்து கொடுத்த கோஷ்டியானாலும் தலைவலி வந்தவர்கள் எண்ணிக்கை அச்சு வார்த்தாற்போல ஒன்று. பல கட்டுரைகளில் இதே கதை. 'புள்ளிவிவரம் நம்பமுடியாத அளவுக்கு அழகு' என்று மருத்துவப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார்கள். (ஜெர்மன்காரர்களுக்கும் நக்கல் வரும்!) ஃபுஜியோ, இன்னும் எவ்வளவு அத்தாட்சி வேண்டும் என்கிற ரீதியில் பதில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

என் சூபர்வைசருக்கு ஒரே நாள். இவர்களுக்கு 12 வருஷம்.

2012-ல் ஜான் கார்லைல் என்ற இங்கிலாந்து டாக்டர், ஃபுஜியின் 168 ஆய்வுகளை வைத்துக் கணக்குப் போட்டார். சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்தால் ஒரு பக்கம் குண்டர்கள் கொஞ்சம் கூடும், இன்னொரு பக்கம் கிழவர்கள். ஃபுஜியிடம் அந்தக் கோணல் போதவில்லை. அதே வருஷம் ஜப்பான் மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் 212 கட்டுரைகளைத் தோண்டியது. 172 இட்டுக்கட்டியவை. 37-ல் முடிவு சொல்ல முடியவில்லை. தேறியது மூன்றே மூன்று! மேஜையில் உட்கார்ந்து நாவல் எழுதின மாதிரி இருக்கிறது என்றது சங்கம்.

பத்திரிகைகள் கட்டுரைகளை வாபஸ் வாங்கின. சரி, நடுவில் அதையெல்லாம் நம்பி ஊசியைத் தேர்ந்தெடுத்த டாக்டர்கள்? வயிற்றில் பச்சைத் தையலோடு குமட்டினால் எப்படி வலிக்கும் தெரியுமா?

எனக்குத் தெரியும். போன வருஷம் ஹெர்னியா ஆபரேஷன். கண் விழித்ததும் குமட்டல். நர்ஸம்மா ஊசியோடு வந்தார்.

''இது யார் எழுதினது, சிஸ்டர்?''

''டாக்டர் எழுதினதுதான். கையை நீட்டுங்க சார்.''

நீட்டினேன்.