சிறைக்கடிதமும் திரைப்படமும்

போர்க்காலக் கதையெனின் பீரங்கி முழக்கமே வேண்டுமென்பது நம்மவருட் பலர் கொண்ட எண்ணம். அது பிழையென்பதற்கு யரோமில் யிரெஷ் என்பார் 1972-இல் இயக்கிய செக்கு மொழிப் படமொன்று சான்றாகும். மரியே குடெர்ஷிகோவா என்னும் நங்கை நாஜி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, 22 வயது நிரம்பிய இரண்டு நாட்களில், 1943 மார்ச்சு 26-இல், பிரெஸ்லௌ நகரில் கொல்லப்பட்டாள். சிறையினின்று அவள் இல்லத்தார்க்கெழுதிய கடிதங்களே அப்படத்துக்கு அடிப்படை.

அவ்வாண்டிலேயே சென்னைச் சிறையிலும் அத்தகைய கடிதமொன்று எழுதப்பெற்றது. திருவிதாங்கூர் வக்கத்திற் பிறந்து மலேயாவிற் பணிசெய்த அப்துல் காதர், விடுதலை வேட்கையால் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, 1942-இல் மலையாளக் கரையிலுள்ள தானூரில் இறங்கிப் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10-இல், 26-ஆம் வயதில், தோழர் மூவரோடு தூக்கிலிடப்பட்டார். முந்திய இரவு தந்தைக்கு விடைகூறி எழுதினார்.

அந்நங்கை எதிர்த்தோரின் கூட்டாளி விட்ட கப்பலிலன்றோ இவர் வந்தார் எனச் சிலர் வினவுவர். வினா நேரியதே. அதனை மறைத்தெடுக்கும் படம் வெறும் புகழுரையாய் முடியும். தத்தம் நாட்டை அடக்கியாண்ட அயலாரை இருவரும் எதிர்த்தனர். அதற்கு உயிரே விலையென அறிந்திருந்தனர். முரணையும் இவ்வொற்றுமையையும் ஒருங்கே காட்டுவதன்றோ கலை?

காதற்பாட்டுக்கு மாமல்லபுரக் கடற்கரையை நாடும் படமுதலாளிகள், அக்கரையில் நள்ளிரவில் ஒதுங்கும் சிறு படகொன்றையும் காட்டலாகாதா? செங்கற்பட்டிலிருந்து புகைவண்டியேறிப் பூங்கா நிலையத்தில் இறங்குவோர்க்கு அண்மையில் நின்ற அச்சிறை 2009-இல் இடிக்கப்பட்டது. கட்டடம் போயிற்று, கடிதம் எஞ்சியுளது. அதனைப் படமாக்கும் கடன் நம் இளைஞரைச் சார்ந்தது.