கருப்பை யாருடைய சொத்து?

கர்ப்பத்தடை என்றதும் முகஞ்சுளிப்போர் தொகை நம்மவரிடையே இன்று குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும், ஆண்டுக்கணக்கில் பலன் தரும் சாதனத்தை ஒரு பெண் ஏற்பதும் மறுப்பதும் எவர் விருப்பத்தால் நிகழ்கின்றன என்று கேட்டால், விடை வெட்கத்திற்குரியதாகவே இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் புருஷன், மாமியார், அண்டை வீட்டார், சாத்திரம் ஆகிய நான்கும் கூடித் தீர்மானித்த பின்னரே, சுமக்க வேண்டிய அவளுக்குச் செய்தி எட்டுகிறது!

உண்மை யாதெனில், கருப்பையினுள் வைக்கும் செப்புச் சாதனம் 10 ஆண்டு வரையிலும், மேற்கையின் தோலடியில் வைக்கும் குச்சி 3 ஆண்டும் பயன்படும். இவற்றைக் கொண்ட 100 பெண்களில் ஓராண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவே. மாத்திரையிலோ, மறதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய 7 பேர். எடுத்துவிட்டால் மீண்டும் பிள்ளை பெறலாம். மலடாக்கும் என்பதும், செப்புச் சாதனம் நெஞ்சுக்கு ஏறும் என்பதும் லயத்துப் புரளிகளேயன்றி வைத்தியமல்ல.

குறையே இல்லை என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். செப்புச் சாதனம் மாதப்போக்கை மிகுவிக்கலாம். குச்சி அதன் ஒழுங்கைக் குலைக்கலாம். உடலுக்கு ஒவ்வாதென்று ஒருத்தி எடுத்துவிட்டால் அது நியாயமே. ஆனால், உதிரத்திற்கு அஞ்சாமல் தீட்டுக்கு அஞ்சி மறுப்பவள் நிலை என்ன? எதிர்பாராத நாளில் கண்ட இரண்டு துளிக்காகப் பூஜையறைக் கதவு அவளுக்கு அடைக்கப்படுகிறது. சாதனத்தைத் தூற்றும் பெரியவர்கள் தீட்டைத் தூற்ற ஏன் நடுங்குகின்றனர்?

தோட்டத்துப் பெண்ணுக்கோ கிளினிக் போய்வருவதென்றால் ஒரு நாட்கூலி போகும். சில ஆண்டுகளுக்கொருமுறை சென்றால் போதுமென்ற முறை அவளுக்கன்றோ முதலில் எட்ட வேண்டும்!

புருஷனிடமிருந்து பிடுங்கி அரசாங்கத்திடம் இவ்வுரிமையைக் கொடுக்கவும் நாம் சொல்லவில்லை. சிங்கப்பூர் அரசாங்கம் 1972-இல் இரண்டோடு நிறுத்தச் சொல்லிற்று. 1987-இல் வசதியிருப்பின் மூன்றும் அதற்கு மேலும் பெறச் சொல்லிற்று. கொள்கை மாறியது, சுமந்தவள் மாறவில்லை.

1929-இல் மலாயா வந்த பெரியார், கர்ப்பத்தடையை வேண்டியது குடும்பச் சிக்கனத்திற்காக அன்று, பெண் விடுதலைக்காகவே. தோழர்களே, அவர் படத்திற்கு மாலையிட்டுவிட்டு, வீட்டில் மனைவிக்கு உத்தரவிடுவது எந்தச் சுயமரியாதை?

அவளுக்கு நன்மை தீமை இரண்டும் மறைக்காமல் கூறப்படட்டும். வைக்கச் சொல்பவளும் எடுக்கச் சொல்பவளும் அவளாகவே இருக்கட்டும். புருஷனிடம் அவள் யோசனை கேட்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை.