டயர் ஒரு சுற்று பெருத்தால் என்ன ஆகும்?

பிக்-அப் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றப் போகும்போது கடையில் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "இதே டிஸ்க்குல கொஞ்சம் பெரிய டயர் ஏறுமாண்ணே?" கடைக்காரரும் பெரும்பாலும் "தாராளமா ஏறும்" என்பார். உண்மைதான், ஏறும். ஏறிய பிறகு வண்டி எப்படி ஓடும் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. தோட்டத்துப் பாதையில் அடி தட்டாது, பள்ளத்தில் இறங்கி ஏறுவது சுலபம், பார்க்கவும் வண்டி கம்பீரமாக இருக்கும். ஆனால் நான்கு டயர் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு மாத பட்ஜெட். லோடு ஏற்றிப் பிழைப்பவருக்கு அதுதான் அன்றாடச் சோறு. அதனால் பணத்தை எடுத்து நீட்டும் முன், போனில் கால்குலேட்டரைத் திறந்து ஐந்து நிமிடம் கணக்குப் போடுங்கள்.

எண்களைப் படிப்பது எப்படி?

இசுஸு ஹை-லேண்டர் பிக்-அப்பில் வரும் 245/70 ஆர்16 அளவை எடுத்துக்கொள்வோம். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது சைடு வால் உயரம். அதாவது அகலத்தில் 70 சதவிகிதம். 16 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில்.

245-ல் 70 சதவிகிதம் 171.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 343. டிஸ்க்கின் 16 அங்குலம் 406.4 மி.மீ. மொத்த உயரம் 749.4 மி.மீ.

இதே டிஸ்க்கில் 255/70 போட்டால் உயரம் 763.4. பழையதைவிட 14 மி.மீ, அதாவது 2 சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. 265/70 போட்டால் 777.4. வித்தியாசம் 28 மி.மீ, கிட்டத்தட்ட 3.7 சதவிகிதம். உயரம் 3 சதவிகிதத்துக்குள் மாறினால் பரவாயில்லை என்பது டயர் தொழிலில் இருக்கும் பொதுவான கணக்கு. முதலாவது அதற்குள் அடங்குகிறது, இரண்டாவது தாண்டிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டயர் 28 மி.மீ உயர்ந்தாலும் வண்டியின் அடிப்பகுதி அதில் பாதி, 14 மி.மீ மட்டுமே உயரும். ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்த உயரத்துக்காகத்தான் இத்தனை செலவும்.

மீட்டர் சொல்லும் பொய்

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் என்றால், 265 டயர் போட்ட பிறகு அது 80 காட்டும்போது வண்டி 83-ல் போய்க்கொண்டிருக்கும். மீட்டரில் 10,000 கி.மீ ஓடியிருந்தால் நிஜத்தில் 10,370 கி.மீ ஓடியிருக்கும். சர்வீஸ் தள்ளிப்போகும். டேங்க்கை நிரப்பி மைலேஜ் பார்த்தாலும் உள்ளதைவிடக் குறைவாகவே வரும்.

மலை ஏறும்போது தெரியும்

டயர் பெரிதானால் இன்ஜினின் இழுவை தரைக்கு வரும்போது கொஞ்சம் குறைந்துவிடும். சமவெளியில் காலி வண்டியில் இது தெரியாது. லோடோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரியும். எப்போதும் இரண்டாவது கியரில் திரும்பிய வளைவில் முதல் கியர் கேட்கும், கிளட்ச் சூடாகும். இறங்கும்போது, கனம் கூடிய சக்கரத்தை நிறுத்த வேண்டியது அதே பழைய பிரேக்தான்.

முக்கியமான எண் இதுதான்

அளவுக்குப் பக்கத்தில் 111எஸ், 107டி என்பது போல ஒன்று இருக்கும். அதில் உள்ள எண் லோடு இண்டெக்ஸ். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். 107 என்றால் 975 கிலோ. பின்பக்க இரண்டு டயருக்கும் சேர்த்து 230 கிலோ வித்தியாசம். அளவில் பெரிய டயர் என்பதாலேயே அதிக பாரம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். விலை குறைவு என்று சொகுசு காருக்கான டயரை வாங்கி மாட்டினால், பார்க்கப் பெரிதாக இருக்கும், ஃபுல் லோடில் வெயிலில் ஓடும்போது வெடிக்கும். இந்த எண் பழைய டயரில் இருப்பதைவிடக் குறையவே கூடாது. அதேபோல, டயர் பெரிதாகிவிட்டது என்பதற்காக ஆர்.சி-யில் உள்ளதைவிட ஒரு மூட்டைகூட அதிகம் ஏற்ற முடியாது.

மாட்டும் முன்

* டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி அனுமதித்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. அதே மாடலின் வேறு வேரியன்ட்டில் பெரிய அளவு வருகிறதா என்று ஷோரூமில் கேளுங்கள்.
* ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். மட்கார்டில் உரசினால் வேண்டாம். காலி வண்டியில் உரசாதது லோடில் உரசலாம்.
* நான்கை மாற்றி ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விடாதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் கியர் அமைப்பே கெடும்.
* சைடு வாலில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2423 என்றால் 2023-ம் ஆண்டின் 24-வது வாரம் தயாரானது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் பிரச்னை சேறும் மண் பாதையும்தான் என்றால், அளவை மாற்றாமல் பட்டனை மட்டும் மாற்றலாம். அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் கிடைக்கிறது. கொஞ்சம் சத்தம் கூடும், மைலேஜ் சற்றுக் குறையும். ஆனால் மீட்டர், கிளட்ச், ஆர்.சி எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. அதையும் மீறி உயரம் வேண்டுமென்றால் ஒரு படி மட்டும் ஏறுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 245-க்கு 255 போதும், 265 வேண்டாம்.