சீட்டில் எழுத வேண்டியது

திருவனந்தபுரத்தில் பேச்சு சிகிச்சையாளர்களான நம் துறையினருக்குப் பஞ்சமில்லை. 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் ('நிஷ்') ஆக்குளத்தில் இருக்கிறது. இளநிலை, முதுநிலை மாணவர்கள் அங்கேயே பயிற்சி பெறுகிறார்கள். ஆனாலும் ஸ்ரீவராகத்தில் பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த ஒரு தமிழ்ப் பாட்டிக்கு ஏற்ற சிகிச்சையாளரைத் தேடும் குடும்பம் தடுமாறவே செய்யும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்பீச் தெரபி' என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கே போவது, யாரைக் கேட்பது?

அந்தப் பாட்டியையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். பத்திரிகை வாசிப்பதும் அதில்தான். கோட்டைப் பகுதி அக்ரகாரக் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். தமிழ்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, வாசிப்புச் சோதனைக்குத் தமிழ் அட்டையை நீட்டினால் அவர் விழிப்பார். பக்கவாதத்தால் வாசிப்புத் திறன் போய்விட்டது என்று நாம் எழுதிவிடுவோம். அவர் என்றுமே தமிழ் எழுத்து படித்தவரல்ல. பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றுக்கும் தனித்தனியாக மொழி கேட்காமல் மதிப்பீட்டைத் தொடங்கவே கூடாது.

பலமொழி பேசுவோர் பேச்சிழந்தால், அதிகம் பழகிய மொழியே முதலில் மீளும் என்று பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895இலேயே எழுதினார். எல்லா மொழிகளும் ஒருசேர மீள்வதே அதிகம் என்று பின்னர் தெரிந்தது. ஒன்று மட்டும் பின்தங்குவதும் உண்டு. எதுவானாலும், ஒரே மொழியில் சோதித்தால் அது நம் கண்ணில் படாது.

அதனால், நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பும்போது சில விவரங்களைச் சீட்டில் எழுதுங்கள்: சிக்கல் பேச்சிலா, விழுங்குவதிலா, குரலிலா, வீட்டு மொழி எது, படித்த மொழி எது, கூடவே, அந்தச் சிகிச்சையாளரின் இந்திய மறுவாழ்வு மன்ற (ஆர்.சி.ஐ.) பதிவு எண். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் இத்தொழில் செய்யக்கூடாது என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது நாம்தான்.

விழுங்கும் சிக்கலுக்கு, தொட்டுப் பார்க்கக்கூடிய தூரத்தில் ஒருவர் வேண்டும். அவர் மலையாளம் மட்டும் பேசினாலும் பாதகமில்லை. மொழிப் பயிற்சிக்கோ, நாகர்கோவிலிலோ சென்னையிலோ இருக்கும் தமிழ்ச் சிகிச்சையாளர் வீடியோ அழைப்பில் வரலாம். இருவரும் ஒரே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவரைக் குடும்பங்கள் எளிதில் கண்டுபிடிக்க, நம் சங்கக் கிளைகள் வெளியிடும் உறுப்பினர் பட்டியலில் பெயர், முகவரியோடு சிகிச்சை தரும் மொழிகளையும் அடுத்த பதிப்பிலேயே சேர்க்கலாம்.