கால் தேய்க்கிற கல்லுக்கு நிறுத்தத் தெரியாது



எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் வாளி நினைவிருக்கும். சாம்பல் நிறக் கல் ஒன்றை அதில் போடுவேன். "சார், கல்லு மிதக்குது!" என்று கடைசி பெஞ்சு வரை எழுந்து நிற்பீர்கள். அதுதான் நுரைக்கல். கடையில் பியூமிஸ் கல் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

எரிமலை வெடிக்கும்போது, பாறைக் குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கும். அந்த நுரை சட்டென்று குளிர்ந்து இறுகினால் நுரைக்கல். உள்ளே பெரும்பகுதி வெற்றுக் குமிழிகள்தான். குமிழிகளின் சுவர் ஒருவகைக் கண்ணாடி.

1883இல் கிரகடோவா எரிமலை கக்கிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலில் மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின. 2021இல் ஜப்பானுக்குத் தெற்கே கடலடி எரிமலை ஒன்று கக்கிய கற்கள் ஒகினாவா துறைமுகங்களில் வந்து குவிய, மீன்பிடிப் படகுகள் கிளம்ப முடியாமல் நின்றன. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் குவிமாட உச்சியில், எடை குறைய வேண்டும் என்று கான்கிரீட்டில் இந்தக் கல்லைச் சேர்த்திருக்கிறார்கள். புது ஜீன்ஸைப் பழசுபோல வெளுக்க வைப்பதற்கும் இதோடு சேர்த்துச் சலவை செய்வார்கள்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த நான், முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போன வருடம் என் அக்காவுக்குப் பித்தவெடிப்பு அதிகம் என்று நானே ஒரு கல் வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. தினமும் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். ஒருநாள் குளியலறையிலிருந்து கூடம் வரைக்கும் தரையில் ரத்தத் தடம். பேத்திதான் பார்த்துக் கத்தியிருக்கிறாள். "வலிக்கவே இல்லையேடா தம்பி" என்றார் அக்கா. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கால் தப்பியது. வாங்கிக் கொடுத்தவன் நான் என்பது இன்னும் உறுத்துகிறது.

"அந்தக் காலத்தில் துவைக்கிற கல்லிலேயே குதிகாலைத் தேய்த்தோம், என்ன ஆகிவிட்டது?" என்று உறவுகளில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அன்று தேய்த்த காலுக்கு உணர்ச்சி இருந்தது. செத்த தோல் தீர்ந்து உயிர்த்தோல் தொடங்கும் இடம் கல்லுக்குத் தெரியாது. சுருக்கென்று ஒரு வலி வரும், கை தானாக நின்றுவிடும். நீண்ட நாள் சர்க்கரை பாத நரம்பைக் கெடுக்கும்போது அந்த வலிதான் போய்விடுகிறது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கீறலே பெரிய புண்ணாகும்.

ஆகவே என் கருத்து இதுதான். சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கல்லைத் தொட வேண்டாம். விற்கிறவர்களும் அட்டையில் இதை ஒரு வரி அச்சிட்டால் புண்ணியம். மற்றவர்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கல்லையும் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் போதும். பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கல்லைக் கழுவிக் காய வையுங்கள், ஈரத்தில் கிருமி சேரும். ஒருவர் கல்லை இன்னொருவர் எடுக்க வேண்டாம்.

என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா, அப்பாவின் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பாதம், விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். அவர்களால் குனிந்து பார்க்க முடியாது, பார்த்தாலும் சொல்ல மாட்டார்கள். பார்த்துவிட்டுக் கீழே "முடித்தேன் சார்" என்று எழுதுங்கள். திருத்த நான் காத்திருக்கிறேன்.