காற்றாலைகள் யூனிட் மட்டும் விற்றால் போதாது: கண்டன அறிக்கை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனபோது மக்களுக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏறிய குரங்கு. பிறகு சூரிய மின்சாரம் அதிகம், பாவனை குறைவு என்றார்கள். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் நின்றதால் 10, 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ கூரையில் சூரியப் படலம் வைத்தவர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நிறுத்து, வெட்டு, பொறுத்துக்கொள் என்பதைத் தவிர வேறு வழியே இல்லாததுபோல் மின்துறை நடந்துகொள்வதை, நானுஓயாவில் கூடிய எமது பாவனையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு வன்மையாகக் கண்டிக்கின்றது.

நாங்கள் பேச வந்தது வோல்டேஜைப் பற்றி. வோல்டேஜ் என்றால் என்னவென்று தேயிலைத் தொழிற்சாலைக்காரருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அது இறங்கினால் மோட்டார் சூடேறும், ரிலே விழும், விசிறி நின்ற தொட்டியில் கொழுந்து வெந்து சிவக்கும். மோட்டார் ஓட, யூனிட் கணக்கில் வராத ரியாக்டிவ் வலுவும் வேண்டும். அது குறைந்தால் வோல்டேஜ் இறங்கும், மிஞ்சினால் ஏறும். வெகு தூரத்திலிருந்து அனுப்பிச் சமாளிக்கவும் முடியாது, வழியிலேயே தேய்ந்துவிடும். அந்தந்த வட்டாரத்தில்தான் கொடுக்கவோ உறிஞ்சவோ வேண்டும். தொழிற்சாலைகளின் உச்சக் கேள்வி, ரியாக்டிவ் வலுவும் சேர்ந்த கேவிஏயில் அளக்கப்படுவதால், அந்த வலுவைத் தரும் கெப்பாசிட்டரைப் பொருத்தாதவர் மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிறார். பாவனையாளருக்கு இத்தனை கண்டிப்பு!

உற்பத்தியாளர் பக்கம் வாருங்கள். பதுளை ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் அம்பேவெல. அங்கே 3 மெகாவாட் காற்றாலை. மன்னாரில் 30 காற்றாடிகளுடன் 103.5 மெகாவாட் தம்பபவனி. இன்றைய காற்றாடியின் மின்னணு மாற்றி ரியாக்டிவ் வலுவைக் கொடுக்கவும் உறிஞ்சவும் வல்லது. ஆனால் தரப்படுத்தப்பட்ட மின்கொள்வனவு ஒப்பந்தத்தில் சிறு உற்பத்தியாளர் பெறுவது விற்ற யூனிட்டுக்கான காசுதான். அப்படியிருக்க, வோல்டேஜைத் தாங்குவதில் அவருக்கு என்ன அக்கறை வரும்? அந்த வேலை பெரும்பாலும் நுரைச்சோலையின் தலையிலும் எங்கள் மலையின் நீர்மின் நிலையங்களின் தலையிலும்தான் விழுகிறது. தலவாக்கலையில் குடும்பங்களை இடம்பெயர்த்துக் கட்டிய 150 மெகாவாட் மேல் கொத்மலையும் அவற்றில் ஒன்று.

எம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில் ரியாக்டிவ் வலுவை எப்போதோ கணக்கில் எடுத்துவிட்டார்கள். அங்குள்ள பழைய காற்றாலைகள் கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் வலுவை இழுத்ததால், உற்பத்தியில் 10 விழுக்காடு வரை ரியாக்டிவ் யூனிட்டுக்கு 25 பைசாவும் அதைத் தாண்டினால் 50 பைசாவும் ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டதற்கு வோல்டேஜ் கட்டுமீறி ஏறியதே காரணம். ஸ்பெயினில் காற்று, சூரிய நிலையங்கள் நிலையான பவர் ஃபேக்டரில் ஓடினவே தவிர, வோல்டேஜைப் பார்த்து மாறவில்லை. மரபு நிலையங்களும் வேண்டிய அளவு உறிஞ்சவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழி காற்றுக்கு மட்டும் உரியதல்ல. சில வாரங்களிலேயே அங்கே வோல்டேஜ் கட்டுப்பாட்டு விதியை மாற்றினார்கள்.

நாங்கள் காற்றாலைக்கு எதிரிகள் அல்லர். மன்னார் மக்கள் தங்கள் மண்ணுக்காக எழுப்பும் கேள்விகள் வேறு. அவற்றுக்கும் பதில் வேண்டும். எங்கள் கோரிக்கை இது: மின்தொகுதியில் இணையும் ஒவ்வொரு காற்றாலையும் வோல்டேஜைக் கவனித்து இயங்கும் முறையில் ஓட வேண்டும். அந்தச் சேவைக்கு நியாயமான கட்டணமும், தவறினால் தண்டப்பணமும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நிலையம் வாரியான பரிசோதனை முடிவுகளை இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். அடுத்த கட்டண மீளாய்வில் வாய்மொழிக் கருத்துக் கேட்கும்போது, மலையகத் தோட்டங்களின் வோல்டேஜ் குறைபாடுகளைத் தொகுத்து நேரில் கையளிப்போம்.

நிர்வாகக் குழு
நானுஓயா