படம் எடுப்போம், தடம் மாறோம்

சிலிபின் வட்டார மக்களுக்கு மலை புதிதன்று. அருகிலேயே கிலேடாங் மலை 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வார இறுதிகளில் ஈப்போவைச் சேர்ந்த பலர் அதில் ஏறுகின்றனர். மேலும் குளிர்ச்சியை நாடுவோர் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குச் சென்று, பிரிஞ்சாங் மலையிலுள்ள பாசிக்காட்டைக் கண்டு மகிழ்கின்றனர். நம் நாட்டில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் மூடுபனி சூழ நிற்கும் அம்மரங்கள் பனிநாட்டுக் காடுகளையே நினைவூட்டுகின்றன. அவற்றைப் படம்பிடிக்கும் ஆர்வம் இளையோரிடம் இருப்பது நல்லதே. எனினும், நடைபாதையை விட்டு இறங்கி எடுக்கப்படும் படம் எவ்வளவு அழகாக இருப்பினும் அது பாராட்டுக்குரியதன்று என்பதே என் கருத்து.

பாசி, மூடுபனியின் ஈரத்தைப் பஞ்சு போல் உறிஞ்சி வைக்கிறது. அந்நீர் சிறுகச் சிறுகக் கசிந்து ஓடைகளைச் சேர்கிறது. பாசியின் அடியில் மட்கிய இலைகளால் ஆன மென்மையான மண் உள்ளது. அதன்மீது கால் பட்டால் பாசி பிய்ந்துபோகும், மண் இறுகும், வேர்கள் வெளியே தெரியும். குளிரும் சத்துக் குறைந்த மண்ணும் நிலவும் அவ்விடத்தில் செடிகொடிகள் மெதுவாகவே வளரும். ஆகவே, ஒரு நொடியில் ஏற்பட்ட சேதம் எளிதில் ஆறுவதில்லை.

“நான் ஒருவன் மிதிப்பதால் என்ன கெட்டுவிடும்?” எனச் சிலர் கேட்கலாம். ஒருவரின் காலடித் தடம் அடுத்தவருக்கு வழிகாட்டுகிறது. நூறு பேர் நடந்ததும் அங்குப் புதிய பாதையே உருவாகிவிடுகிறது. அழகான படம் பலரையும் அதே இடத்திற்கு ஈர்க்கும் என்பதையும் மறத்தலாகாது.

பேராக் மாநில இரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டினர். பட்டையை மெல்லச் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தில் பட்டால் மரம் காயமுறும். மரத்தைக் காயப்படுத்தாமல் பயன்பெறுவதே அத்தொழிலின் திறமை. கைப்பேசி ஏந்தும் தலைமுறைக்கும் அத்திறமை தேவை.

பாசிக்காட்டில் அமைக்கப்பட்டுள்ள பலகை நடைபாதையில் நின்றே சிறந்த படங்களை எடுக்கலாம். காலை நேர மூடுபனியில் ஒளி மென்மையாக இருக்கும். வெண்பனியைப் போலவே மூடுபனியும் படத்தில் மங்கிய சாம்பல் நிறமாகத் தோன்றக்கூடும். ஒளியளவைச் சற்றுக் கூட்டினால் அக்குறை நீங்கும். மின்னொளியைத் தவிர்க்க வேண்டும். அது பனித்துளிகளில் பட்டுத் திரும்பி மரத்தை மறைத்துவிடும்.

பள்ளிகள் புகைப்படப் போட்டி நடத்தும்போது, படத்தின் அழகோடு அது எங்கு நின்று எடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். நாளை அங்குச் செல்பவருக்கும் அம்மரம் அதே பசுமையோடு காட்சி தர வேண்டும் அல்லவா? படம் நம்மோடு வரட்டும். பாசி மரத்தோடு இருக்கட்டும்.